ஐபி (திவால் மனு) கொடுத்தால் சிபில் ஸ்கோர் எவ்வளவு அடிவாங்கும்?

பனியன்காரன் (திருப்பூர்), ஞாயிறு இரவு 11.42

வணக்கம். இரண்டு வருஷமாக இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

பதினாறு பவர் டேபிள் தையல் மெஷின் போட்டு ஜாப் ஒர்க் யூனிட் நடத்தி வந்தேன். இரண்டு பார்ட்டியிடம் பில் பணம் நின்றுபோனது. அதோடு ஆர்டரும் நின்றது. ஷெட்டைக் காலி செய்து மெஷின்களை மாமனார் தோட்டத்துச் சாளையில் போட்டு வைத்திருக்கிறேன். பர்சனல் லோன் 5.80 லட்சம், இரண்டு கிரெடிட் கார்டில் 2.90 லட்சம், மெஷினுக்கு ஃபைனான்ஸ் கம்பெனியில் வாங்கியது 4.40 லட்சம் பாக்கி. இதற்கு மச்சான் ஜாமீன். வெளியில் நான்கு பேரிடம் புரோநோட்டு எழுதி வாங்கியது 8 லட்சம். மொத்தம் 21 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல்.

வக்கீல் ஒருவரைப் பார்த்தேன். "ஐபி போட்டுவிடலாம், யாரும் கிட்ட வர மாட்டார்கள்" என்கிறார். யூடியூபில் ஒருவர், திவால் ஆனால் பத்து வருஷம் ரிப்போர்ட்டில் நிற்கும், ஸ்கோர் இருநூறு புள்ளி விழும் என்கிறார். என் சிபில் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்பதற்கான மதிப்பெண்) போன வருஷம் 751. இப்போது 573.

மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். இரண்டு வருஷத்தில் கல்விக் கடன் கேட்டுப் போக வேண்டியிருக்கும். மஞ்சள் கடுதாசி கொடுத்தவன் மகள் என்று அவளைத் திருப்பி அனுப்பிவிடுவார்களா? எனக்குத் தெரிய வேண்டியது இது ஒன்றுதான்.

---

மேனேஜர் தாத்தா (மதுரை), திங்கள் காலை 6.15

தம்பி, முப்பத்தோரு வருஷம் பொதுத்துறை வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் இன்னும் ஐபி போடவே இல்லை. ஆனால் 751, 573 ஆகிவிட்டது. யூடியூப்காரர் சொன்ன இருநூறு புள்ளி அநேகமாக ஏற்கெனவே விழுந்தாயிற்று.

விழவைத்தது கோர்ட்டு அல்ல, இஎம்ஐ. உங்கள் ரிப்போர்ட்டை எடுத்து ஒவ்வொரு கடனுக்கும் கீழே உள்ள மாதக் கட்டங்களைப் பாருங்கள். 000 என்றால் சுத்தம். 030, 060, 090 என்றால் அத்தனை நாள் பாக்கி. இதைத்தான் டிபிடி என்பார்கள். மூன்று வருஷக் கட்டங்கள் தெரியும். தொண்ணூறு நாள் தாண்டினால் எங்கள் புத்தகத்தில் அது வாராக் கடன். அதற்கப்புறம் "ரைட்டன் ஆஃப்", "செட்டில்டு", "சூட் ஃபைல்டு" (வழக்குப் போட்டாயிற்று) என்று ஏதாவது முத்திரை விழும். ஸ்கோர் போடுகிற கணக்கு இவற்றையும், எவ்வளவு கடன் நிற்கிறது, எத்தனை இடத்தில் புதிதாகக் கேட்டிருக்கிறீர்கள் என்பதையும்தான் பார்க்கிறது.

இந்த விவரங்களை அனுப்புவது கடன் கொடுத்த வங்கியும் ஃபைனான்ஸ் கம்பெனியும். 2005-ம் வருஷத்துச் சட்டம் ஏற்படுத்திய ஏற்பாடு அது. சார்பு நீதிமன்றம் தன் ஐபி பட்டியலை சிபிலுக்கு அனுப்புவதில்லை. அதனால் "ஐபி போட்டதற்கு இவ்வளவு புள்ளி" என்று தனியாக ஒரு வெட்டு கிடையாது.

இதைக் கேட்டு சந்தோஷப்பட்டுவிட வேண்டாம். கடன் விண்ணப்பத்தில் வழக்கு உண்டா, திவால் அறிவிப்பு உண்டா என்று கேட்டுக் கையெழுத்து வாங்குவோம். வங்கி வக்கீல் இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயர் போட்டுத் தேடுவார். ஸ்கோரில் வராதது அங்கே வரும்.

---

நியூஜெர்சி நாடோடி, திங்கள் காலை 7.50

அந்தப் பத்து வருஷக் கணக்கு எங்கள் ஊர்க் கணக்கு. யூடியூப்காரர் அமெரிக்க வீடியோவைப் பார்த்துத் தமிழில் சொல்லியிருப்பார்.

இங்கே சாப்டர் 7 (சொத்தில் தேறுவதை விற்றுக் கொடுத்துவிட்டுக் கடன் விடுதலை வாங்கும் திவால் வகை) என்றால், மனு போட்ட நாளிலிருந்து பத்து வருஷம் வரை ரிப்போர்ட்டில் நிற்கலாம். சாப்டர் 13 என்பது மூன்று முதல் ஐந்து வருஷம் தவணை கட்டுகிற திட்டம், அதை வழக்கமாக ஏழு வருஷத்தில் எடுத்துவிடுவார்கள். கோர்ட்டுப் பதிவேட்டிலிருந்தே கிரெடிட் பீரோக்கள் நேரடியாக எடுத்துப் போடுகின்றன. வரிப் பாக்கிக்காகச் சொத்தின் மேல் அரசு போடும் பற்று, சிவில் தீர்ப்பு எல்லாவற்றையும் 2017, 2018-லேயே ரிப்போர்ட்டிலிருந்து தூக்கிவிட்டார்கள். திவால் மட்டும் இன்னும் நிற்கிறது.

என் அலுவலக நண்பர் ஒருவர் (நம் ஊர்க்காரர்தான், கிரீன் கார்டு உள்ளவர்) மருத்துவமனை பில்லும் கார்டு பாக்கியும் சேர்ந்து சாப்டர் 7 போட்டார். மனு போட்ட அன்றே வசூல் போன்கள் நின்றுவிட்டன. அது சட்டப்படி தானாக வரும் தடை. நான்கு மாதத்தில் கடன் விடுதலை உத்தரவு. விழ வேண்டிய ஸ்கோர் முன்பே விழுந்திருந்ததால், உத்தரவு வந்த பிறகு மெல்ல ஏறத்தான் செய்தது. மேனேஜர் ஐயா சொன்ன அதே கதை. உயரத்தில் இருப்பவருக்குத்தான் விழுவதற்கு இடம் அதிகம். அரசு உத்தரவாதமுள்ள எஃப்எச்ஏ வீட்டுக் கடனுக்கு, விடுதலை ஆகி இரண்டு வருஷம் கழித்து விண்ணப்பிக்கலாம் என்று விதியே இருக்கிறது.

இங்கே திவால் என்பது வெளியே வருகிற கதவு. ஊரில் எப்படியோ, குமாஸ்தா அண்ணன் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

---

கோர்ட்டு குமாஸ்தா (ஈரோடு), திங்கள் மதியம் 2.20

கூப்பிட்டீர்களே, வந்துவிட்டேன். சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் எழுதுகிறேன்.

முதலில் சட்டம். 2016-ல் திவால் சட்டத் தொகுப்பு வந்ததே, ஐபிசி என்று (இந்தியத் தண்டனைச் சட்டம் இல்லை, இது வேறு), அதில் தனி நபருக்கு ஒரு பகுதி உண்டு. ஆனால் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும்தான் 2019 டிசம்பர் 1 முதல் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். உங்களைப் போன்ற சாதாரண ஆளுக்கு இன்னும் வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தான். சென்னை நகரத்துக்கு 1909-ம் வருஷத்துச் சட்டம், ஹைகோர்ட்டில் போட வேண்டும். மற்ற ஊர்களுக்கு 1920-ம் வருஷத்து மாகாண நொடிப்புச் சட்டம், சப் கோர்ட்டில், அதாவது சார்பு நீதிமன்றத்தில், போட வேண்டும்.

அதைப் படித்தால் சிரிப்பும் வரும், பயமும் வரும். ஐந்நூறு ரூபாய் கடன் இருந்து கட்ட முடியவில்லை என்றால் மனு போடலாம். நூறு வருஷமாக அதே ஐந்நூறு. நொடித்தவர் என்று கோர்ட்டு அறிவித்து, இன்னும் விடுதலை வாங்காத ஆள், தான் இன்ன நிலையில் இருக்கிறேன் என்று சொல்லாமல் ஐம்பது ரூபாய் கடன் வாங்கினாலே குற்றம். ஆறு மாதம் வரை உள்ளே போடலாம். அதாவது கார்டு கம்பெனி உங்களுக்கு மறுபடி கார்டு கொடுக்குமா என்பது அப்புறம், சட்டப்படி நீங்கள் வாயைத் திறந்து சொல்லிவிட்டுத்தான் கேட்கவே முடியும்.

விடுதலைக்கும் ஒரு கணக்கு உண்டு. உங்கள் சொத்து, ஈடில்லாத கடனில் ரூபாய்க்கு எட்டணா தேறவில்லை என்றால், அது என் தப்பால் வந்ததில்லை என்று நிரூபிக்காதவரை முழு விடுதலை கிடைக்காது. சட்டத்தில் இன்றைக்கும் எட்டணா என்றே இருக்கிறது.

இனி நடைமுறை. நான் பார்த்த ஐபிகளில் பாதிக்கு மேல் வங்கிக்குப் பயந்து போட்டவை இல்லை. புரோநோட்டுக் கடன்காரர் டிகிரி (பணம் கட்டச் சொல்லும் தீர்ப்பு) வாங்கி, இபி (அதை நிறைவேற்றக் கேட்கும் மனு) போட்டு, சிவில் ஜெயிலுக்கு அரெஸ்ட் கேட்கிற கட்டத்தில் தடுப்பதற்குப் போட்டவை. மனுவை நம்பர் ஆக்குவார்கள், கடன்காரர்களுக்கு நோட்டீஸ் போகும், பத்திரிகையில் விளம்பரம் வரும், அப்புறம் வாய்தா, வாய்தா, வாய்தா. நொடித்தவர் என்று அறிவிப்பே வராமல் ஆறேழு வருஷம் கிடந்த கட்டுகளை நானே தூசி தட்டியிருக்கிறேன். நாடோடித் தம்பி சொன்ன நான்கு மாதம் இங்கே முதல் சம்மன் போய்ச் சேரவே போதாது.

---

சீட்டுக்காரம்மா (கரூர்), திங்கள் இரவு 9.05

எல்லாரும் கடன் வாங்கியவர் பக்கமே பேசுகிறீர்கள். நான் கடன் கொடுத்துவிட்டுக் கடுதாசி வாங்கியவள்.

அப்பா ரிட்டயர்மென்ட் பணத்தில் மூன்றரை லட்சத்தைத் தெரிந்தவர் என்று நம்பிக் கொடுத்தார். ஒரு நாள் கோர்ட்டிலிருந்து தபால் வந்தது. நாற்பத்திரண்டு கடன்காரர்கள் பட்டியல், அப்பா பெயர் முப்பத்தொன்றாவது. சொத்து என்று எழுதியிருந்தது ஒரு மொபட்டும் சில பாத்திரங்களும். வீடு ஆறு மாதத்துக்கு முன்பே மச்சினிக்குத் தான செட்டில்மென்ட். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், வழக்கு இன்னும் நடக்கிறது. அந்த ஆள் கார் வைத்திருக்கிறார்.

இந்தத் தம்பி அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் "யாரும் கிட்ட வர மாட்டார்கள்" என்று அந்த வக்கீல் சொன்னதைப் படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது.

---

பனியன்காரன், திங்கள் இரவு 10.30

அம்மா, உங்கள் கோபம் நியாயம்தான். என் நான்கு பேரில் ஒருவர் எங்களிடம் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். அவருடைய 1.50 லட்சத்தை நினைத்தால் எனக்கே தூக்கம் வருவதில்லை.

ஒன்று கேட்க வேண்டும். என் பேரில் அவிநாசிப் பக்கம் இரண்டரை சென்ட் இடம் இருக்கிறது. ஐபிக்கு முன்னால் அதை மனைவி பேருக்கு மாற்றிவிடச் சொல்கிறார் நண்பர் ஒருவர். செய்யலாமா?

---

கோர்ட்டு குமாஸ்தா, திங்கள் இரவு 10.48

செய்யாதீர்கள். சத்தியமாகச் செய்யாதீர்கள். மாற்றி எழுதி இரண்டு வருஷத்துக்குள் ஐபி மனு விழுந்து, நீங்கள் நொடித்தவர் என்று அறிவிக்கப்பட்டால், அந்தக் கைமாற்றத்தை ரத்து செய்யப் பிரிவு 53 இருக்கிறது. ரிசீவர் (நொடித்தவர் சொத்தைக் கவனிக்கக் கோர்ட்டு போடும் ஆள்) கேட்டால் கோர்ட்டு ரத்து செய்யலாம். அப்புறம் நீங்கள் சொல்கிற உண்மையையும் கோர்ட்டு நம்பாது. கடன்காரர் ஒருவருக்கு மட்டும் ரகசியமாகப் பணம் கொடுத்துவிட்டு மூன்று மாதத்துக்குள் மனு போட்டால் அதற்கும் பிரிவு 54. கட்டிங் மாஸ்டருக்கு மட்டும் முன்கூட்டியே கொடுத்துவிடலாம் என்று மனசு சொல்லும், அதனால் சொல்கிறேன்.

சீட்டுக்காரம்மா, உங்கள் வழக்கில் அந்த ஆறு மாதத் தான செட்டில்மென்ட்டை ரிசீவர் கண்ணில் காட்டினீர்களா? உங்கள் வக்கீலைக் கேளுங்கள். கடன்காரர்கள் சும்மா இருந்தால் ரிசீவரும் சும்மா இருப்பார்.

---

ஸ்கோர் டாக்டர், செவ்வாய் அதிகாலை 3.12

*[இந்தப் பதிவு நீக்கப்பட்டது. "ஏழு நாளில் சிபில் கிளீன்" விளம்பரங்களுக்கு இங்கே இடமில்லை. – நிர்வாகி]*

---

மீண்டவன் (கோவை), செவ்வாய் காலை 8.30

நிர்வாகிக்கு நன்றி. அந்த மாதிரி ஒருவரிடம் நான் 12,000 ரூபாய் இழந்தவன். உண்மையான பதிவை யாராலும் அழிக்க முடியாது. தப்பான பதிவை நாமே இலவசமாகத் திருத்தலாம். அவ்வளவுதான் இதில் உள்ள வித்தை.

பனியன்காரன் அண்ணா, நான் ஐபி போடவில்லை, செட்டில்மென்ட் செய்தேன். 2019-ல் வேலை போனது. கார்டு பாக்கி வட்டியோடு 3.40 லட்சம் ஆனது. பேசிப் பேசி 1.55 லட்சத்துக்கு முடித்தேன். அப்போது ஸ்கோர் 548. முடித்துவிட்டோம், இனி ஏறும் என்று நினைத்தேன். ரிப்போர்ட்டில் "செட்டில்டு" என்று விழுந்தது. அந்தச் சொல்லுக்கு வங்கியில் என்ன அர்த்தம் தெரியுமா? "இவர் முழுசாகக் கட்டவில்லை, நாங்கள் விட்டுக்கொடுத்தோம்." நம் ஊரில் செட்டில் ஆகிவிட்டான் என்றால் நல்ல அர்த்தம், இங்கே நேர் எதிர்.

எழுத்தில் கடிதம் வாங்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். போனில் பேசுகிற ஏஜென்ட் சொல்வது செல்லாது. வங்கியின் கடிதத்தில் தொகை, கடைசித் தேதி, இதற்குப் பின் பாக்கி இல்லை என்ற வரி மூன்றும் இருக்க வேண்டும். நான் கட்டி எட்டு மாதம் கழித்தும் ரிப்போர்ட்டில் "ரைட்டன் ஆஃப்" என்றும் 3.40 லட்சம் பாக்கி என்றும் இருந்தது. அந்தக் கடிதம் மட்டும் இல்லையென்றால் நான் காலி. சிபில் தளத்திலேயே புகார் போட்டு, வங்கிக்கும் எழுதி, அலைந்து திருத்தினேன். இப்போது நிலைமை பரவாயில்லை. 2024 ஏப்ரல் முதல், புகார் கொடுத்து முப்பது நாளுக்குள் தீர்க்கவில்லை என்றால் ஒரு நாளைக்கு நூறு ரூபாய் நமக்கு நஷ்டஈடு தர வேண்டும் என்று ஆர்பிஐ விதி வைத்திருக்கிறது.

ஏறியது எப்படி என்றால், 20,000 ரூபாய் பிக்சட் டெபாசிட் போட்டு அதன் மேல் ஒரு கார்டு வாங்கினேன். அதில் பெட்ரோல் மட்டும். பில் வந்த அன்றே முழுசாகக் கட்டுவேன். வேறு எங்கும் கடன் கேட்டு விண்ணப்பிக்கவில்லை. 548-லிருந்து 700 தொட மூன்று வருஷத்துக்கு மேல் ஆனது. நான் கடைசியாகப் பார்த்தபோது 738.

---

மேனேஜர் தாத்தா, செவ்வாய் காலை 10.05

மீண்டவன் தம்பி சொன்னது அத்தனையும் சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பின்னால் கையில் காசு வந்தால், வங்கி விட்டுக்கொடுத்த மீதித் தொகையையும் கட்டி, "செட்டில்டு" என்பதை "குளோஸ்டு" ஆக மாற்றித் தரும்படி எழுதிக் கேட்கலாம். பல வங்கிகள் செய்து தருகின்றன. வீட்டுக் கடன் கேட்கப் போகும்போது அந்த ஒரு சொல் பெரிய வித்தியாசம்.

"ரைட் ஆஃப்" பற்றியும் ஒரு தவறான எண்ணம் ஊரில் இருக்கிறது, தள்ளுபடி ஆகிவிட்டது என்று. இல்லை. எங்கள் கணக்குப் புத்தகத்தில் ஓரமாக எடுத்து வைக்கிறோம், அவ்வளவுதான். வசூலிக்கிற உரிமை அப்படியே இருக்கிறது.

எத்தனை வருஷம் என்று கேட்டாரே, கிரெடிட் நிறுவனங்கள் குறைந்தது ஏழு வருஷம் விவரத்தை வைத்திருக்க வேண்டும். அது குறைந்தபட்சம். ஏழாவது வருஷம் முடிந்த மறுநாள் எல்லாம் துடைத்துவிடும் என்று எங்கும் எழுதவில்லை. இன்னொன்று, சிபில் ஒன்றுதான் இருக்கிறது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று இன்னும் மூன்று உண்டு. நான்கிலும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசம். நான்கையும் எடுங்கள்.

இப்போது அவருடைய அசல் கேள்விக்கு வருவோம். கல்விக் கடனில் மாணவரோடு பெற்றோரில் ஒருவர் சேர்ந்து கையெழுத்துப் போடுவார். அது அப்பாவாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. அம்மாவின் ரிப்போர்ட் தனி, உங்கள் ரிப்போர்ட் தனி. உங்கள் கடன்களில் மனைவி சேர்ந்து கையெழுத்துப் போட்டிருக்கிறாரா? அதுதான் முக்கியம்.

பெற்றோரின் ஸ்கோர் சரியில்லை என்று மட்டும் சொல்லிக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று கேரள ஹைகோர்ட் 2020-ல் ஒரு தீர்ப்பு சொல்லியிருக்கிறது. கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் திருப்பூர்க் கிளையில் அதை நீட்டியதும் மேனேஜர் எழுந்து நின்று கையெழுத்துப் போடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன்தான்.

---

பனியன்காரன், செவ்வாய் இரவு 11.15

மனைவி எதிலும் கையெழுத்துப் போடவில்லை ஐயா. போட வேண்டாம் என்று அன்றைக்கு நான்தான் சொன்னேன், அதிகப் புத்தியோடு அல்ல, வங்கிக்கு வர அவளுக்கு நேரம் இல்லாததால். மகளிர் குழுக் கடன் ஒன்று அவள் பேரில் இருக்கிறது, தவறாமல் கட்டுகிறாள்.

ஐபி போட்டால் மச்சானுக்கு என்ன ஆகும்? வக்கீலிடம் கேட்டேன், "அவரைப் பிறகு பார்ப்போம்" என்றார்.

---

கோர்ட்டு குமாஸ்தா, புதன் காலை 9.20

பிறகு பார்க்க ஒன்றும் இல்லை. நீங்கள் விடுதலையே வாங்கினாலும் ஜாமீன்தாரருக்கு விடுதலை கிடையாது. பிரிவு 44-லேயே எழுதியிருக்கிறது. ஃபைனான்ஸ் கம்பெனி நேராக அவர் வீட்டு வாசலுக்குப் போகும்.

அந்த மெஷின்கள் அவர்களுக்கு ஈடாக எழுதிக் கொடுத்தவை. ஈடு வைத்திருப்பவர் தன் ஈட்டை எடுத்துக்கொள்வதை ஐபி தடுக்காது. செக் கொடுத்து அது திரும்பியிருந்தால் அந்த 138 வழக்கும் தனியாக நடக்கும், அது கிரிமினல். ஆகக் கூடிப் பார்த்தால், உங்கள் 21 லட்சத்தில் ஐபி உண்மையிலேயே தொடுவது புரோநோட்டுக் கடனும், கார்டும், பர்சனல் லோனும். கார்டுக்காரர்கள் இப்போதைக்கு அரெஸ்ட் கேட்டு வரப்போவதில்லை. புரோநோட்டுக்காரர் யாராவது கோர்ட்டுக்குப் போயிருக்கிறாரா?

---

பனியன்காரன், புதன் காலை 9.41

இல்லை. மூன்று வருஷம் முடியப்போகிறது என்று ஒருவர் மட்டும் புரோநோட்டுக்குப் பின்னால் ஐந்நூறு ரூபாய் வரவு எழுதிக் கையெழுத்து வாங்கிப் போனார்.

---

கோர்ட்டு குமாஸ்தா, புதன் மதியம் 1.50

விவரமானவர். அந்த வரவால் வழக்குப் போடுவதற்கான கெடு இன்னும் மூன்று வருஷம் புதிதாகத் தொடங்குகிறது. பரவாயில்லை, கடன் உண்மைதானே.

டிகிரியே இல்லாதபோது எந்த அரெஸ்ட்டைத் தடுக்க ஐபி? அப்படியே இபி வந்தாலும், நேர்மையாகக் கட்ட வழியில்லாதவனை வெறுமே ஜெயிலில் போடக் கூடாது என்று 1980-லேயே உச்ச நீதிமன்றத்தில் கிருஷ்ணய்யர் தீர்ப்பு இருக்கிறது. பணம் இருந்தும் கட்டாதவனுக்குத்தான் அது. உங்கள் வக்கீலைக் குறை சொல்லவில்லை, ஆனால் மருந்து வேறு நோய்க்கு எழுதியிருக்கிறார்.

---

கிள்ளான் தமிழன் (மலேசியா), புதன் இரவு 8.40

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் ஊரில் மற்றவர் போட்டு நம்மைத் திவாலாக்க வேண்டுமானால் கடன் ஒரு லட்சம் ரிங்கிட்டாவது இருக்க வேண்டும். திவால் ஆனவர் அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியே போக முடியாது. என் மாமா ஒருவர் ஜாமீன் கையெழுத்து ஒன்றால் அப்படி மாட்டி, ஊருக்கு, அதாவது புதுக்கோட்டைக்கு, ஒரு சாவுக்குக்கூட வர முடியாமல் போனது. மச்சான் என்றதும் ஞாபகம் வந்தது. வேறொன்றுமில்லை.

---

சீட்டுக்காரம்மா, புதன் இரவு 9.30

தம்பி, கடன் கொடுத்தவள் என்ற முறையில் சொல்கிறேன். அந்த நான்கு பேர் வீட்டுக்கும் நீங்களே நேரில் போங்கள். எங்கள் ஆள் ஒரு தடவை வந்து, "அண்ணா, இவ்வளவுதான் முடியும்" என்று சொல்லியிருந்தால் அப்பா பாதிக்கு ஒத்துக்கொண்டிருப்பார். அவரை அரித்தது பணம் பாதி, அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் போனது பாதி.

---

பனியன்காரன், ஏழு வாரம் கழித்து, சனி இரவு 10.10

பதில் எழுதிய எல்லாருக்கும் நிலவரம் சொல்ல வேண்டும்.

ஐபி போடவில்லை. நான்கு ரிப்போர்ட்டும் எடுத்தேன். ஒன்றில் என்னுடையதே இல்லாத ஒரு டூவீலர் லோன் இருந்தது, பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போன வேறு யாரோ. புகார் போட்டேன், பத்தொன்பதாம் நாள் நீக்கிவிட்டார்கள். ஸ்கோர் அங்கே பதினொரு புள்ளி ஏறியது, மற்ற மூன்றிலும் அப்படியே.

ஃபைனான்ஸ் கம்பெனியிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிப் பத்து மெஷின்களை விற்றேன். முழுப் பணமும் நேரே அந்தக் கணக்குக்கே போனது. தவணை பாக்கி தீர்ந்து, மீதிக்கு இஎம்ஐ குறைத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஆறு மெஷினை வைத்து வீட்டிலேயே பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறோம். ஒரு கார்டு செட்டில்மென்ட் பேச்சில் இருக்கிறது, கடிதம் வராமல் கட்டுவதாக இல்லை. "செட்டில்டு" என்று விழும், தெரிந்தேதான் செய்கிறேன். இன்னொரு கார்டும் பர்சனல் லோனும் இன்னும் அப்படியேதான் நிற்கின்றன, காலை எட்டு மணிக்குப் போன் வந்துவிடும். எட்டுக்கு முன்னாலும் மாலை ஏழுக்குப் பின்னாலும் கூப்பிடக் கூடாது என்ற ஆர்பிஐ விதியைச் சொன்ன பிறகு, சரியாக எட்டு மணிக்குக் கூப்பிடுகிறார்கள்.

நான்கு பேரில் மூன்று பேரைப் பார்த்துவிட்டேன். இடத்தை விற்று நான்கு பேருக்கும் விகிதப்படி பிரித்துத் தருவதாக எழுதிக் கொடுத்தேன். கட்டிங் மாஸ்டர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். நான்காவது ஆள் திட்டினார், திட்டியபின் யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

மனைவி ரிப்போர்ட்டையும் எடுத்தோம். குழுக் கடன் மட்டும்தான், எல்லாக் கட்டமும் 000. ஸ்கோர் 764. மகள் அதைப் பார்த்துவிட்டு, "அம்மா டிஸ்டிங்ஷன், அப்பா அரியர்" என்றாள்.

குமாஸ்தா அண்ணா, இடம் விற்கிற பத்திரத்துக்கு முன்னால் நான்கு பேரிடமும் என்ன எழுதி வாங்க வேண்டும் என்று ஒரு வரி சொல்லுங்கள்.

---

கோர்ட்டு குமாஸ்தா, ஞாயிறு காலை 7.25

பணம் கொடுக்கும்போது புரோநோட்டைக் கையில் வாங்குங்கள், ஜெராக்ஸ் இல்லை, அசல். பின்பக்கம் "முழுதும் பைசலாகிவிட்டது" என்று அவர் கையெழுத்தில். வட்டிக்கு வெற்றுச் செக் கொடுத்திருந்தால் அதையும். நான்கு பேருக்கும் ஒரே நாளில், ஒரே இடத்தில் கொடுங்கள். ஒருவர் முந்தினார், ஒருவர் பிந்தினார் என்ற பேச்சே வராது. பத்திர ஆபீஸ் வாசல்தான் வசதி.

மச்சான் எப்படி இருக்கிறார்?

---

பனியன்காரன், ஞாயிறு காலை 8.02

மச்சான் ஐந்து மாதமாகப் பேசுவதில்லை. அவர் ரிப்போர்ட்டிலும் என் கடன் ஜாமீன்தாரர் என்று போட்டு 090 வரை ஏறியிருந்ததாம், வீட்டுக் கடன் கேட்கப்போன இடத்தில் தெரிந்து அவமானப்பட்டிருக்கிறார். இந்த மாதம் அந்தக் கட்டத்தில் 000 விழுந்திருக்கிறது. என் ரிப்போர்ட்டில் அதை மட்டும் வட்டம் போட்டு அவருக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன்.

நீல டிக் இரண்டும் வந்துவிட்டது. பதில் வரவில்லை.